நாத்தனார் தோளில் கால் வைத்து

போன் அடித்தபோது காலை ஐந்தே முக்கால். திரையில் அண்ணியின் பெயர் இருந்தது. குளிர்காலத்து ஞாயிறுகளில் அந்த நேரத்துக்கு அண்ணிதான் கூப்பிடுவாள், டீச்சர் மறுபடியும் போர்வைக்குள் புகுந்துவிட்டாளா என்று உளவு பார்க்க. அதனால் டீச்சர் எடுத்த எடுப்பில், "எழுந்தாச்சு அண்ணி, ஒரு காலுக்கு சாக்ஸ்கூட மாட்டியாச்சு," என்றாள்.

பதில் சொன்னது அண்ணி இல்லை. அண்ணனின் குரல் வந்தது. அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான். இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னாராம். "நீ வர்றியா?" என்று கேட்டான், ஏதோ கடைக்குக் கூப்பிடுவது போல.

டீச்சர் இன்னொரு காலுக்கும் சாக்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மலைக்குப் போடுகிற சாக்ஸ் அது என்பது அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

அண்ணி சலவைக்கடை வைத்திருந்தாள். போட்டோ ஸ்டுடியோவுக்கும் சாவிக்கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டிய கடை. உள்ளே ஆவி இஸ்திரிப் பெட்டி நாள் முழுக்கப் புஸ்புஸ் என்று மூச்சு விடும். "வருஷம் பூரா வெந்துக்கிட்டே இருக்கேன்டி, எங்கேயாவது போய்க் கொஞ்சம் விறைச்சுப் போகணும்," என்று டீச்சரிடம் சொல்வாள். அதற்கு வழி காட்டியது மருந்துக்கடைக்காரரின் கால்சட்டை. வாராவாரம் இரண்டு முட்டியும் தேய்ந்து வந்தது. "யார் கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறீங்க?" என்று அண்ணி விசாரித்தாள். மலை ஏறுகிறோம், பாதை இல்லாத பக்கமாக, என்றார் அவர். அடுத்த ஞாயிறு அண்ணி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். தனியாக அனுப்ப அண்ணனுக்கு பயம், அதனால் துணைக்கு டீச்சரும் நின்றாள். ஞாயிற்றுக்கிழமையாவது கணக்குப் பரீட்சைத் தாளை மறக்கலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பஸ் டிரைவர். வாரம் முழுக்கப் போட்ட ரோட்டிலேயே போய்வந்து அலுத்துப்போனவர். நல்ல பாதை ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போகிறது. அதை விட்டுவிட்டு, கோடாலியால் பிளந்தது போல மலையின் முதுகில் மேலிருந்து கீழ்வரை இறங்கும் செங்குத்தான பிளவில் ஏறுவார்கள். கோடையில் அதில் கல் உதிரும். குளிர்காலத்தில் பனி இறுகிக் கற்களைப் பிடித்துக்கொள்ளும், பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு ஏறலாம். "அப்போ பாதை போட்டவங்க எல்லாம் முட்டாளா?" என்று முதல் நாளே அண்ணி கேட்டாள்.  அன்றிலிருந்து டிரைவரும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார், வயதில் அவளைவிட மூத்தவராக இருந்தும்.

பிளவுக்கு என்று சில சட்டங்கள் இருந்தன. ஒருவர் ஏறி ஒதுங்கிய பிறகே அடுத்தவர் ஏறலாம். கால் பட்டு எது உருண்டாலும் "கல்லு" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் தலையைக் கையால் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கடைசியாக வருபவருக்கு வால் என்று பெயர். வால் உச்சிக்கு வந்து "வால் வந்தாச்சு" என்று தன் வாயால் சொல்லும்வரை யாரும் சாப்பாட்டுப் பையைத் திறக்கக்கூடாது.

அண்ணிதான் வால். மெதுவாக ஏறுவதால்தான் என்பது ஊரறிந்த விஷயம். அண்ணி சொல்லும் காரணம் வேறு. "முன்னாடி போறவங்களுக்கு மலை மட்டும்தான் தெரியும். எனக்கு உங்க எல்லார் கால்சட்டையும் தெரியுது. டிரைவர், உங்களுது இந்த வாரம் தாங்காது."

எல்லாம் நன்றாகப் போகும், பிளவின் முக்கால் உயரம் வரை. அங்கே இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு பெரிய பாறை சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது அண்ணியே. "வழியில உக்காந்துக்கிட்டு நகரவும் மாட்டா, விடவும் மாட்டா." பாறைக்கு அடியில் ஒரு பொந்து. ஒல்லியானவர்கள் நெளிந்து மேலே போய்விடலாம். அண்ணிக்கு இடுப்பு வரைதான் அனுமதி. முதல் இரண்டு குளிர்காலமும் போன தடவையெல்லாம் அங்கிருந்து இறங்க வேண்டியதாயிற்று, அண்ணி மட்டுமில்லை, எல்லோரும். வாலை விட்டுவிட்டுப் போவது டிரைவரின் சட்டத்தில் இல்லை.

அதுதான் அவளை அரித்தது. "திட்டினாக்கூடப் பரவாயில்ல. அந்த மனுஷன் பேசாம திரும்பிடறார்டி," என்று பஸ்ஸில் டீச்சரிடம் சொன்னாள். "ஒரே ஒரு தடவை அவளைத் தாண்டிடணும். என்னால யாரும் திரும்பி இறங்காம ஒரு தடவை."

போன குளிர்காலத்தின் கடைசி ஞாயிறு அண்ணி ஒரு திட்டத்தோடு வந்தாள். பொந்துக்கு முன்னால் நின்று தன் ஜாக்கெட்டைக் கழற்றி, பையையும் சேர்த்து டீச்சரிடம் கொடுத்தாள். மற்றவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். டீச்சர் கீழே நின்று தள்ள வேண்டும், இதுதான் திட்டம்.

அண்ணி உள்ளே போனாள். இடுப்பில் நின்றாள். ஒரு நிமிஷம் முனகல். பிறகு பாறைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க அண்ணி. சிரிச்சா இன்னும் பெருசாகறீங்க."

"உங்க அம்மா கிச்சுகிச்சு மூட்டறாங்கடி."

மேலே இருந்து மருந்துக்கடைக்காரர், "கையைப் பிடிச்சு இழுக்கட்டுமா?" என்றார்.

"இழுங்க, ஆனா முழுசா இழுங்க. பாதியை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

இழுத்தும் ஆகவில்லை. அண்ணியின் கால்கள் அந்தரத்தில் எதையோ தேடின. "தோளைக் குடுடி," என்றாள். டீச்சர் கொடுத்தாள். இரும்பு முள் ஜாக்கெட்டைக் கிழித்துப் பஞ்சுவரை இறங்கியது. "வலிக்குதா?" என்று கேட்டது பொந்து. "ஏறித் தொலைங்க அண்ணி," என்றாள் டீச்சர். தோளில் பாரம் ஏறி, ஒரு உதையோடு சட்டென்று குறைந்தது. பொந்து வழியே வானம் தெரிந்தது.

அதற்கு மேல் நடந்தது அந்தக் கூட்டத்தால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு. மாமியாரைத் தாண்டிவிட்டால் மிச்சம் வெறும் பனிச்சரிவு. அண்ணி இருந்த சந்தோஷத்தில் மூச்சு வாங்க மேலே போய், வெயிலில் உட்கார்ந்து, இத்தனை நாள் சொல்ல வாய்க்காத வார்த்தையைச் சொன்னாள்: "வால் வந்தாச்சு." வால் வந்தாயிற்று என்றால் எல்லோரும் வந்தாயிற்று. டிரைவர் எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

கீழே, இரண்டு பைகளோடும் அண்ணியின் ஜாக்கெட்டோடும் டீச்சர் பொந்தில் சிக்கியிருந்தாள். தள்ள ஆள் இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று கத்திப் பார்த்தாள், காற்று கொண்டுபோய்விட்டது. மேலே மூடிகள் திறக்கும் சத்தமும் சிரிப்பும் தெளிவாகக் கேட்டன. அந்த மலையில் காதில் விழுந்தே தீரும் வார்த்தை ஒன்றுதான் என்று அவளுக்கு உறைத்தது. அடிவயிற்றிலிருந்து "கல்லு" என்று கத்தினாள்.

உச்சியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் டீயைக் கொட்டிவிட்டுத் தலையை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் எதுவும் விழவில்லை.

"கீழேயிருந்து எப்படிய்யா கல்லு விழும்?" என்றார் டிரைவர். பிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள்.

அன்று மாலை வீட்டில் அண்ணி ஈர பூட்ஸோடு சமையலறைக்குள் போய், பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நிஜ மாமியாரிடம் அறிவித்தாள்: "அத்தை, நாத்தனார் தோள்ல கால் வச்சு மாமியாரைத் தாண்டிட்டேன்."

அம்மா தலையைத் தூக்கவில்லை. "இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்க. காலைத் துடைச்சிட்டு வா."

டீச்சரின் ஜாக்கெட்டை அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டாள். கடைக்கு வரும் தையல்காரரிடம்கூடக் கொடுக்கவில்லை. "நான் கிழிச்சது, நான்தான் தைப்பேன்." அதன்பிறகு கோடை முழுக்க டீச்சர் கேட்டாள். "இந்த வெயில்ல உனக்கு எதுக்கு ஜாக்கெட், மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?" என்பாள். மழை வந்தது. "குளிர் வரட்டும்டி." குளிரும் வந்தது. "முதல் ஞாயிறுக்குள்ள உன் கையில இருக்கும், போதுமா?"

அந்த முதல் ஞாயிறுதான் அண்ணன் கூப்பிட்டது.

மலைக்கூட்டம் பஸ் நிறுத்தத்திலிருந்து நேராக அங்கே வந்துவிட்டது, முதுகில் பைகளோடு. பாடையைத் தூக்கவும் தோள் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து வந்த பிறகு அம்மா அவர்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தாள், தட்டில் சாப்பாடு போட்டாள். யாரும் தொடவில்லை. டிரைவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"ஏன் உக்காந்திருக்கீங்க, உப்பு இல்லையா?" என்றாள் அம்மா.

 டிரைவர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். அவள் கதவோரத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அன்று பிளவில் உண்மையில் கடைசியாக வந்தவள் அவள்தான்.

"வால் வந்தாச்சு," என்றாள்.

டிரைவர் சாப்பிட ஆரம்பித்தார். மற்றவர்களும்.

ஒரு வாரம் கழித்து, வாடிக்கையாளர்களின் துணிகளைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் சலவைக்கடையைத் திறந்தான். டீச்சரும் கூடப் போனாள். இஸ்திரிப் பெட்டி சில்லென்றிருந்தது. அதற்குப் பின்னால் உள்ள ஆணியில், துவைத்து மடிப்புக் கலையாமல், அவளுடைய ஜாக்கெட் தொங்கியது. கிழிசலில் துருத்திய பஞ்சை உள்ளே தள்ளி, கழுத்துப் பக்கத்திலிருந்து நெருக்கமான தையல் ஓடி வந்திருக்கிறது. தோளின் முனைக்கு ஒரு விரற்கடை முன்னால் அது நிற்கிறது. ஊசி அங்கேயே குத்தியிருக்கிறது, நூலோடு.