கூந்தலுக்குள் ஒரு தேனீ

விளாங்குடியில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள காலிமனை முழுக்கத் தும்பையும் நெருஞ்சியும் பூத்துக் கிடக்கின்றன. பூக்களையும் அவற்றைத் தேடி வரும் பூச்சிகளையும் சுற்றிக்காட்டுகிறவள் செல்வி. மதுரையில் இறங்கியதும் ஆசையாக மல்லிகைச் சரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு இங்கே வந்தது என் தவறு. சரத்துக்குள் ஒரு தேனீ புகுந்து, காதோரம் இரைகிறது.

போன வருடம் கொட்டியபோது தொண்டை வீங்கி மூச்சடைத்துப் போனதை இப்போதுதான் அவளிடம் சொல்கிறேன்.

செல்வியின் முகம் வெளிறுகிறது. "அசையாதீங்கக்கா. கத்திராதீங்க. ஆளக் கொட்டிருச்சுன்னு தெரிஞ்சா மாடிவீட்டுக்காரங்க நாளைக்கே ஜேசிபிய விட்டு இம்புட்டையும் வழிச்சுருவாங்க."

சரத்தை மெல்ல உருவுகிறாள். பிடரியில் சுரீரென்கிறது. என்னையறியாமல் கத்திவிடுகிறேன்.

மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, எதுவும் கடிச்சிருச்சா?"

குனிந்து செருப்பைப் பிடித்துக்கொள்கிறேன். "இல்லண்ணே, நெருஞ்சி முள்ளு."

அவர் உள்ளே போய்விடுகிறார். செல்வி என் கழுத்தையே பார்க்கிறாள். "எச்சி முழுங்க முடியுதாக்கா?"

விழுங்கிப் பார்க்கிறேன். சந்தேகமாக இருக்கிறது. மறுபடியும் விழுங்கிப் பார்க்கிறேன்.