இருவருக்கு மட்டும் இருந்த பேச்சு

எனக்கு இரட்டைப் பெண்கள். நானும் அவர்கள் அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்யும்போது, மூட்டை போடும் கொட்டகையில் பாயை விரித்து இருவரையும் உட்கார வைத்துவிடுவேன். பகல் முழுக்க ஒருத்திக்கு மற்றவள்தான் துணை. மூன்று வயது நெருங்கியும் எங்களோடு பேச்சு இல்லை. தங்களுக்குள் மட்டும் ஓயாமல் பேசினார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியாது.

மழைக்காலம் வந்து உப்புப் பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கியதும் எங்களுக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்தபோதுதான் உற்றுக் கேட்டேன். அப்பா வெளியே போனால் 'பா லோ' என்றார்கள். அவர் திரும்பி வந்தால் 'லோ பா'. மழைக்கு அவர்கள் வைத்த பெயர் 'தத்தா'. மழை விட்டால் 'தத்தா லோ', மறுபடி பிடித்தால் 'லோ தத்தா'. ஒரே சொல்லை முன்னும் பின்னும் மாற்றிவைத்தே போனதையும் வந்ததையும் பிரித்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏதோ உளறுதுங்க, வுடு" என்று சிரித்தார்.

அங்கன்வாடி டீச்சருக்குக் கவலை. "ரெண்டையும் ஒண்ணாவே வெச்சிருந்தா தமிழ் வராதுங்க. கொஞ்ச நாள் பிரிச்சு வெச்சுப் பாருங்க" என்றார். எங்களுக்கும் பயம்தான். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல் நின்றால் என்ன செய்வது? கூனிமேட்டிலிருந்து என் அக்கா வந்து பெரியவளை அழைத்துப் போனாள். பஸ் ஜன்னலிலிருந்து பெரியவள் என்னவோ சொன்னாள். என் இடுப்பிலிருந்த சின்னவள் அதற்குப் பதில் சொன்னாள்.

அக்கா வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவளுக்குப் பேச்சு வேகமாக வந்தது. சின்னவள் வாயே திறக்கவில்லை. வெகுநாள் கழித்து ஒரு காலையில் என் முந்தானையை இழுத்து, "அம்மா, தண்ணி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோடையில் பெரியவளைக் கூட்டிவந்தோம். சின்னவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பழைய பேச்சில் கடகடவென்று ஏதோ சொன்னாள். பெரியவள் கேட்டபடி நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இவ இன்னா சொல்றா?" என்றாள்.

சின்னவள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

இப்போது இருவரும் ஏழாம் வகுப்பு. நன்றாகப் பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். டீச்சர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கையில் போன் இருந்தும் அந்தப் பேச்சைப் பதிவு செய்துவைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்றுதான் மனசு ஆறவில்லை.

போன வாரம் சின்னவளிடம் கேட்டேன், பெரியவள் திரும்பி வந்த அன்று அவளிடம் என்ன சொன்னாய் என்று.

"நானா? எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள்.