கூப்பிடாத பெரட்டு

தேர்தல் நாளில் எங்கள் சந்தில் காலை ஆறு மணிக்குத் தகரம் தட்டும் சத்தம் கேட்கும். தட்டுவது ஒச்சம்மா அத்தை. இலங்கைத் தோட்டங்களில் விடியற்காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்த வழக்கம் அத்தையின் குடும்பத்தோடு கப்பலேறி, நிக்கோபாரின் கச்சால் ரப்பர் தோட்டம் வழியாக அந்தமானின் டாலிகஞ்ச் வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வீடும் வரிசையாகப் போய் ஒரே கட்சிக்குப் போட்டுவிட்டு வரும்.

"நம்மளக் கொண்டாந்து குடிவச்ச கட்சி" என்பார் அத்தை. அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. அறுபத்து நான்கு வயதிலும் அத்தை கீழே ரோட்டிலிருந்து குடம் சுமக்கிறார். போன வருஷம் படியில் விழுந்ததில் இடுப்பெலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. குழாய்க்கு மனு எழுதியது நான், இந்தச் சந்தின் முதல் பட்டதாரி. நாலு பக்கம், இந்தியில், ஒரு பிழை இல்லாமல்.

குழாய் வந்தது, பக்கத்துச் சந்துக்கு. போன தடவை எதிர்க்கட்சிக்குப் போட்ட சந்து அது.

அத்தையும் நானும் கட்சி ஆபீசுக்குப் போனோம். செயலாளர் சந்திரசேகர் நாற்காலி போட்டார், சாய் வரவழைத்தார்.

"அரே அம்மா, நீங்க அப்னா ஆளு, நம்ம வீட்டு ஆளு. கோவிச்சுட்டுப் போனவங்களத்தானே மொதல்ல சமாதானம் பண்ணணும்? வீட்டு ஆளுக்கு யாராச்சும் விருந்து வைப்பாங்களா?"

அத்தை சாயைத் தொடவில்லை. "வீட்டு ஆளு தண்ணி குடிக்கமாட்டானா, பாபு?"

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது அத்தை சொன்னார்: "இந்த வாட்டி தட்டமாட்டேன் தம்பி. ஓட்டு செதறட்டும். அவனுக்கும் கொஞ்சம் பயம் வரட்டும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடலாமா அத்தே?"

"சொன்னா அதுவும் பெரட்டுதானே? அவங்கவங்க மனசுப்படி போகட்டும்."

தேர்தலன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். ஆறு போனது, ஏழும் போனது. ஏழரைக்கு வெளியே செருப்புச் சத்தம். திறந்தால், முன்னால் வெள்ளைச்சாமி மாமா. அவருக்குப் பின்னால் சந்து முழுவதும், வரிசையாக.

"என்னா ஒச்சம்மா, மேலுக்கு முடியலையா?" என்றார் மாமா. "நீ தட்டலைன்னா நாங்க வரமாட்டமா? ஒரு ஓட்டு வெளிய போவாது. நீ கவலப்படாத."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அத்தை உள்ளே போய் வாக்காளர் அட்டையை எடுத்துவந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

அவர் இடுப்புக்காக எல்லோரும் மெதுவாக நடந்தார்கள்.