ஆறு தாண்டிய பியோனிகள்

தைசியா கோர்தியெவ்னா டிராம் ஓட்டியவள். யூரல் மலைப்பக்கத்து ஒரு ஊரில், ஆலைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே ஓட்டி ஓட்டியே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மணியடித்து, ஆளேற்றி, வசை வாங்கி அலுத்தவளுக்கு ஆற்றோரத் தோட்ட மனையில்தான் மூச்சு வரும். அக்கம்பக்கத்தார் உருளைக்கிழங்கு போட்டார்கள். அவள் பியோனிப் பூச்செடி வளர்த்தாள்.

“பூவைத் தின்னுதான் குளிர்காலத்தை ஓட்டப் போறியாடி?” என்பாள் பக்கத்து மனை ரூஃபினா.

“உன் கிழங்குல ஒரு வாளி குடுக்காமலா போயிடுவ?” என்பாள் இவள்.

இலையுதிர் காலம் முடியும்போது தண்டுகளைத் தரையோடு அறுத்துவிடுவாள். மேலே காய்ந்த சருகு, அதற்கு மேல் ஊசியிலைக் கிளைகள். பனி விழுந்ததும் எல்லோரும் பாதைப் பனியை வேலிக்கு வெளியே தள்ள, இவள் மட்டும் வாரி வாரிப் பாத்திமேல் கொட்டுவாள். எத்தனை கடுங்குளிரிலும் அந்தப் பனிக் கம்பளிக்கு அடியில் வேர் பத்திரமாக உறங்கும்.

ஒரு டிசம்பரில் தோட்ட மனைகளின் தலைவர் அர்காதி சவேலியெவிச், டிராம் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது அவளிடம் வந்தார்.

“கல்குவாரிக்கு ரோடு போடுறாங்க, தைசியா கோர்தியெவ்னா. நம்ம வரிசை முழுசும் போகுது. புத்தாண்டு முடிஞ்சதும் புல்டோசர் வந்துடும். அக்கரையில மாத்து மனை தர்றாங்க.”

“என் செடிங்க?”

“வசந்தத்துல புதுசா வாங்கி வச்சுக்குங்க.”

அவள் வண்டியை எடுத்தாள். டிராம் பாதையோரத்தில் நகராட்சி ஆட்கள் நடுக்குளிரில் பெரிய மரங்களைப் பெயர்த்து நடுவதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். மண் உறைந்து கல்லாகியிருந்தால் வேரை விட்டு உதிராது. மரத்துக்கு ஆகும் என்றால் செடிக்கு ஏன் ஆகாது?

ஆனால் அவளுடைய பாத்தி உறையவில்லையே. அத்தனை வருடம் உறையவிடாமல் காத்தவள் அவள்தான். இப்போது தன் கையாலேயே பனியை விலக்கி, கிளைகளை எடுத்து, செடியைச் சுற்றிக் குழி வெட்டி, மண்ணைக் குளிருக்குத் திறந்துவிட வேண்டும். மண்வெட்டியை எடுத்துப் பனியை விலக்கத் தொடங்கினாள். கணவன் வெனியமின் பார்த்துக்கொண்டு நின்றான்.

“குழந்தையைப் போர்வையில இருந்து இழுத்துப் போடுற மாதிரி இருக்கு” என்றாள்.

“வேணாம்னா விட்டுடு.”

“விட்டா புல்டோசர் மிதிக்கும்.”

குளிர் தன் வேலையைச் செய்தது. அடுத்த ஞாயிறு கடப்பாரையால் நெம்பியபோது, செடிகள் மண்ணோடு பாறைத் துண்டுகளாகப் பெயர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்க முடியாத கனம். சறுக்குவண்டியில் ஏற்றி, உறைந்த ஆற்றின் மேல் இழுக்கத் தொடங்கினார்கள். ரூஃபினா வேலியோரம் நின்று சிரித்தாள்.

“ஊருல ஜனங்க கல்லை வெளிய எறிவாங்க. நீங்க வீட்டுக்கு இழுத்துட்டுப் போறீங்க.”

“வாய் வலிக்கலன்னா கையும் குடு” என்றான் வெனியமின். அவள் திட்டிக்கொண்டே தன் சறுக்குவண்டியையும் இழுத்து வந்தாள்.

நடு ஆற்றில் ஒரு கட்டி சரிந்து விழுந்து இரண்டாகப் பிளந்தது. தைசியா மண்டியிட்டுப் பார்த்தாள். இரும்பு போன்ற கறுப்பு மண்ணுக்குள், விரல்நுனி அளவில், ரத்தச் சிவப்பாக மொட்டுகள். மூச்சுவிட்டால் புருவத்தில் உறையும் குளிர் அது. அந்த மொட்டுகளுக்குள்ளே வரப்போகும் கோடைக்கான இலையும் பூவும் மடித்து வைக்கப்பட்டுத் தயாராக இருந்தன. ரூஃபினா கையுறையைக் கழற்றிச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். தைசியா தன் சால்வையை அவிழ்த்து இரண்டு துண்டுகளையும் சேர்த்துச் சுற்றினாள்.

அக்கரையில் மண் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட வழியில்லை. கட்டிகளைப் புது மனையில் இருந்த கொட்டகைச் சுவரோரம் நெருக்கி அடுக்கி, மரத்தூள் கொட்டி, கிளை பரப்பி, மேலே ஆளுயரத்துக்குப் பனி குவித்தார்கள்.

பிப்ரவரியில் துப்பினால் எச்சில் தரையைத் தொடுமுன் உறைகிற ஒரு நாள், அவள் குவியலின் பக்கவாட்டில் துளையிட்டு அடிவரை கையை நுழைத்தாள்.

“வெனியா, இங்க வா. கையுறையைக் கழட்டிட்டு உள்ள விடு.”

அவன் விட்டான். வெளியே உலகமே விறைத்துக் கிடக்க, உள்ளே நிலவறைக் குளிர்ச்சிதான். கடிக்கவில்லை. எந்த விஷயத்துக்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதன், கையை எடுக்காமல் தொப்பியை மட்டும் கழற்றினான்.

“மூச்சு விடுற மாதிரி இருக்கே” என்றான் மெதுவாக.

பனி உருகியபோது, பியோனியோடு கொண்டுவந்திருந்த டெல்பினியம் பூச்செடி எல்லாம் அழுகிக் கூழாகியிருந்தது. புளோக்ஸ் செடிகளில் பாதி போயிற்று. தைசியா அவற்றை அள்ளிக் கொட்டும்போது அழுதாள். பியோனிகள் மட்டும் நடுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. மரத்தூளைப் பிளந்துகொண்டு சிவப்புத் தளிர்கள் ஈட்டிகளாக நின்றன. பிளந்த கட்டியின் இரு பாதியிலும் தளிர் இருந்தது.

நட்ட அந்தக் கோடையில் பூ வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் இலைதான். மூன்றாம் ஜூனில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிண்ணம் கிண்ணமாகப் பூத்தன. மனைக்காரர்கள் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் நின்றார்கள். ரூஃபினா வெகுநேரம் பார்த்தாள்.

“என் கிழங்கை அப்படி வெளிய போட்டிருந்தா நாறிப் போயிருக்கும்டி” என்றாள். பிறகு, “எனக்கு ஒரு துண்டு வெட்டித் தருவியா?” என்று கேட்டாள்.

“செப்டம்பர்ல வா” என்றாள் தைசியா. “பூக்கற சமயத்துல வேரைத் தொடக் கூடாது.”