ஆறு மணிக்கு மாறிய பெயர்

முத்துச்செல்வி ஒரு கேள்வி கேட்க வந்தால் எதிரே இருப்பவர் நாற்காலி தேட வேண்டியதுதான். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எப்போதிலிருந்து இப்படி, எந்த மெஷினில், இதுவரை என்னென்ன செய்து பார்த்தாயிற்று என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கே வருவாள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார்க் கதவுக்குப் பூட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் அவள் லைன் இன்ஸ்பெக்டர். அங்கே ஒரு பீஸ் பழுது என்றால் இத்தனையும் சொல்லாமல் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க முடியாது. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து சேர்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பென்னலூரில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட பெண்கள், "உப்பு தீந்துட்டுன்னு சொன்னாக்கூட எப்பத்துலருந்துன்னு கேப்பா இவ" என்று கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவள் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது அம்சவல்லியின் காப்பகத்துக்காக.

அம்சவல்லி பென்னலூர்க்காரி. தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கம்பெனிக்கு மூன்று ஷிப்ட் என்றால் அவளுக்கும் மூன்று ஷிப்ட். விடியும் முன்பே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு வந்து விட்டுப்போகிற தாய்மார்கள் உண்டு. ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வந்து தூக்கிப்போகிறவர்களும் உண்டு. இதில் பெரிய தலைவலி, எந்தப் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்பதுதான். இன்றைக்கு அப்பா வருவார், நாளைக்குச் சித்தி வருவாள், மறுநாள் பக்கத்து அறைக்காரி வந்து நிற்பாள். அம்சவல்லி ஒரு கரும்பலகை வாங்கி மாட்டி அதில் பெயர்களை எழுதி வைத்தாள். பிள்ளைகள் அதை அழித்துவிட்டு யானை வரைந்தார்கள்.

இந்த யானைக் கதையைச் சொல்லிச் சிரித்தவள் பூமாரி. முத்துச்செல்வியின் லைனிலேயே வேலை பார்ப்பவள், ஆலங்குளம் பக்கம். மூன்று வயது மகள் பேச்சியை அந்தக் காப்பகத்தில்தான் விட்டு வருவாள். முத்துச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

"யக்கா, பிள்ளய மாத்திக் குடுத்துட்டாங்கன்னா?"

"அம்சாம்மாவுக்கு எல்லாம் மனசுல இருக்கும்ட்டி."

"அவுகளுக்குக் காய்ச்ச வந்துட்டுன்னா?"

அடுத்த லீவு நாளில் முத்துச்செல்வி காப்பகத்துக்கே போய்ப் பார்த்தாள். மூடிப்போன டைப்பிங் சென்டர் ஒன்றிலிருந்து அம்சவல்லியின் மருமகன் கொண்டுவந்து போட்ட பழைய கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. லினக்ஸில் ஓடியது. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. முத்துச்செல்வியின் செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில் இருந்ததோ விண்டோஸ்.

தமிழில் புரோகிராமிங் பேசுகிற இணையக் குழு ஒன்றில் அவள் தன் முதல் கேள்வியைப் போட்டாள். எழுதப்போவது விண்டோஸில், ஓட வேண்டியது லினக்ஸில், ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓடவைக்க முடியுமா? பதில்கள் வந்து குவிந்தன, பாதி உதவி, பாதி உபதேசம். "டெஸ்க்டாப் ஆப்பா? இந்தக் காலத்திலா?" என்றார் ஒருவர். வெப்சைட்டாகச் செய்துவிடு என்றார் இன்னொருவர். தூறல் போட்டாலே நெட் போய்விடுகிற தெரு என்று அவருக்குத் தெரியாது. எலக்ட்ரான் என்ற ஒன்றில் எழுதினால் எல்லா கம்ப்யூட்டரிலும் ஓடும் என்றார்கள், அதையும் முயன்றாள். ஓடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கிழட்டுப் பெட்டியில் திரை வருவதற்குள் இரண்டு பிள்ளைகள் தூங்கிவிட்டன. பிறகு பைத்தான் கற்றுக்கொண்டு, அதோடு இலவசமாகவே வருகிற திரை ஜன்னல்களை வைத்து எழுதினாள். லேப்டாப்பில் அழகாக இருந்தது. காப்பகத்தில் திறந்தால் பேச்சியின் பெயரில் கொம்பு தனியாகப் பிரிந்து பின்னால் போய் நின்றது.

வேறொருத்தியாக இருந்தால் லேப்டாப்பை மூடி வைத்திருப்பாள். முத்துச்செல்வி இரண்டு திரைகளையும் படம் பிடித்துப் போட்டு, எந்த மெஷின், எந்த வெர்ஷன், என்னென்ன ஃபாண்ட் மாற்றிப் பார்த்தாயிற்று என்று விவரமாக எழுதினாள். இப்படிக் கேட்டால் கல்லும் பதில் சொல்லும். க்யூட் என்கிற கருவிக்கு மாறு, அது தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டும் என்று ஒரு புண்ணியவான் சொன்னார். மாறினாள். கொம்பு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

புரோகிராம் எளிமையானது. பிள்ளையின் படம், பக்கத்தில் பெரிய எழுத்தில் கூட்டிப்போகிறவர் பெயர். வழக்கமாக வருகிறவர் பெயர் நிரந்தரமாக இருக்கும். ஆள் மாறினால் 'இன்று மட்டும்' என்ற பட்டனை அழுத்திப் புதுப் பெயரைப் போடலாம், அந்த நாள் முடிந்ததும் பழைய பெயர் தானாகத் திரும்பிவிடும்.

நாள் எப்போது முடிகிறது? கேள்வி கேட்பதில் இத்தனை கெட்டிக்காரி, இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கம்பெனியில் நாள் பிறப்பது காலை ஆறு மணிக்கு, ஏ ஷிப்டோடு. பின்னிரவில் சி ஷிப்ட் செய்கிற பூட்டுக்கூட முந்தின நாள் கணக்கில்தான் சேரும். அதே பழக்கத்தில் இங்கேயும் ஆறு என்று எழுதிவிட்டாள். ராத்திரிப் பிள்ளைகளுக்கு அது அருமையாகப் பொருந்தியும் போனது. நடுராத்திரியில் தேதி மாறிக் கணக்கு குழம்பவில்லை. அம்சவல்லி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திரையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பூமாரிக்கு ஏ ஷிப்ட். வழக்கமாகப் பேச்சியைக் கூட்டிப்போகிறவன் அவள் புருஷன் வேல்ராஜ், கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேன் ஓட்டுபவன். மகள் மேல் உயிரையே வைத்திருந்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பூமாரி வேலையை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று கொஞ்ச காலமாக வீட்டில் ஒரே சண்டை. "பிள்ளயக் கொண்டுபோய் அம்மாகிட்ட விட்டுட்டா நீ தன்னால பின்னால வருவ" என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தான். திங்கள் விடியும் முன்பே காப்பகத்துக்கு வந்த பூமாரியின் முகம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு அவுக வந்தா குடுத்துறாதீங்கம்மா. நாந்தான் வருவேன்."

அம்சவல்லி அவள் கண்ணெதிரிலேயே 'இன்று மட்டும்' பட்டனை அழுத்திப் பூமாரி பெயரைப் போட்டாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, பூமாரி ஓடினாள்.

ஆறு மணி ஆனது. புதிய நாள் பிறந்துவிட்டதாகப் புரோகிராம் முடிவு செய்தது. சற்று முன் போட்ட பெயரை நேற்றைய கணக்கில் தள்ளிவிட்டு வேல்ராஜின் பெயரைத் திரும்ப வைத்தது.

பத்து மணி வாக்கில் அவன் வந்தான். காப்பகத்தில் ஆயாவாக இருக்கிற செல்வலட்சுமி திரையைப் பார்த்தாள். அவன் பெயர் இருந்தது. பிள்ளைக்குக் கவுன் மாற்றி, தலை வாரி, கையில் கொடுத்துவிட்டாள். பேச்சி பைக் டேங்கின் மேல் உட்கார்ந்து ஹாரனை அமுக்கிய சத்தத்தில்தான் அடுப்படியில் இருந்த அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டியோடு ஓடிவந்து பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாப்பா இது? அவ வந்தாதான் குடுக்கணும்னு காலைல சொல்ட்டு போனா."

"யம்மா, ஒங்க கம்ப்யூட்டர்லயே எம்பேருதான போட்டுருக்கு? பொறவு என்ன?"

அம்சவல்லி உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான். ஒரு கணம் தடுமாறிப்போனாள். பிறகு, "கம்ப்யூட்டரு கெடக்குது. அவ வாயால சொன்னது என் காதுல கீது" என்று பிள்ளையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வேல்ராஜ் கத்திப் பார்த்தான். தெரு கூடியதும் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று முத்துச்செல்விக்கு வார விடுமுறை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அம்சவல்லியின் ஃபோன் வந்ததும் ஈரக்கையோடு காப்பகத்துக்கு ஓடிவந்தாள். எத்தனை மணிக்குப் பெயரைப் போட்டீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதில் வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ராத்திரிப் பிள்ளைகளை நினைத்தவள், ஆறு மணிக்கு முன்னால் வந்து விட்டுப்போகிற தாய்மார்களை நினைக்காமல் போனாளே!

"புள்ள உள்ளதான் கீது, வுடு" என்றாள் அம்சவல்லி. "கம்முனு சரி பண்ணிட்டுப் போ. எவகிட்டயும் சொல்லாத. வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு புள்ள வராது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காப்பகம்தான் அவள் பிழைப்பு. ஆனால் முத்துச்செல்வி வேலை பார்க்கிற லைனில் ஒரு வழக்கம் உண்டு. பழுதான பீஸ் ஒன்று கண்ணில் பட்டால் அதில் சிவப்பு அட்டையைக் கட்டி லைனை நிறுத்த வேண்டும். அதோடு முடியாது. அதே லாட்டில் செய்தது எங்கெங்கே போயிற்றோ அங்கெல்லாம் ஆள் போய்ச் சொல்ல வேண்டும், லாரி ஏறியிருந்தாலும்.

"கதவுப் பூட்டுக்கே நாங்க ஓடுவோம்மா. இது பிள்ளைங்க" என்றாள். யாரோ ஒரு குழந்தையின் சிவப்பு ரிப்பனை எடுத்துத் திரையைச் சுற்றிக் கட்டிப் புரோகிராமை நிறுத்தினாள். அம்சவல்லிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தடுக்கவில்லை.

முதலில் பூமாரியிடம் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, ஒன்றையும் குறைக்காமல், தன் பெயரைச் சொல்லித் தன் தப்பைச் சொன்னாள். பூமாரி மகளை வாரி எடுத்து இறுக்கிக்கொண்டாள்.

"ஒன்ன நம்பித்தானட்டி போனேன்."

இதற்குப் பூமாரி ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம் என்று முத்துச்செல்விக்கு இருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு எந்தத் தைரியத்துல நான் லைன்ல நிக்க?"

"சரியாவுத வரைக்கும் நான் வாசல்ல இருக்கேன்க்கா."

"ஒனக்கு ஷிப்ட் இல்லையா?"

"சி ஷிப்டுக்கு மாத்திக்கிடுதேன்."

சி ஷிப்டை வேண்டுமென்று கேட்கிற பைத்தியம் யாரும் கிடையாது, அதனால் உடனே கிடைத்தது. அன்றும் மறுநாளும் ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் வாசலில் நின்று வந்த தாய்மார்கள் அத்தனை பேரிடமும் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். பெரும்பாலானவர்கள், எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒருத்தியை நினைத்து அம்சவல்லி இரண்டு நாள் முத்துச்செல்வியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராத்திரி பூட்டு பார்ப்பாள், காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே காப்பக வாசலுக்கு வருவாள். மடியில் லேப்டாப், முதுகில் ஏதாவது ஒரு பிள்ளை. பூமாரி வந்து பேச்சியைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அறைக்குப் போய்ப் படுப்பாள். நாள் எப்போது தொடங்குவதாக வைக்க வேண்டும் என்று குழுவில் கேட்டாள். நடுராத்திரி என்றார்கள், அவரவர் விருப்பத்துக்கு விடு என்றார்கள். எதை வைத்தாலும் யாரோ ஒரு தாய் மாட்டிக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்தது அம்சவல்லிதான், அதுவும் எரிச்சலில்.

"நாளு, தேதி எனக்கு இன்னாத்துக்கு? புள்ள உள்ள வந்தா வந்துச்சு, வெளிய போனா போச்சு."

முத்துச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். ஆமாம், இங்கே நாளே தேவையில்லை. பிள்ளை உள்ளே வருவதில் தொடங்கி வெளியே போவதில் முடிகிறது கணக்கு. நடுவில் எத்தனை மணி அடித்தால் என்ன, தாய் சொன்ன சொல் அப்படியே நிற்க வேண்டும். அழித்து எழுதினாள். லேப்டாப்பில் ஓடியது போதாதென்று காப்பகத்துக் கம்ப்யூட்டரிலேயே கடிகாரத்தை முன்னே தள்ளிப் பார்த்தாள். ஆறு மணியைத் தாண்ட வைத்தாள், நடுராத்திரியை, மாதக் கடைசியை, வருடக் கடைசியையும் தாண்ட வைத்தாள். பிறகு தன் தப்பு முழுவதையும் குழுவில் எழுதிப் போட்டாள், தன்னைப் போல் புதிதாக வருகிற யாராவது இதே பள்ளத்தில் விழக்கூடாதென்று. கேள்வி கேட்டுக் கேட்டுக் கற்ற கடனை அவள் அடைத்த விதம் அது.

சனிக்கிழமை விடியும் முன்பு பூமாரி தன் கையாலேயே பெயரை மாற்றிவிட்டு வேலைக்குப் போனாள். முத்துச்செல்வி ஷிப்ட் முடிந்து வந்து சேர்ந்தபோது ஆறு மணி எப்போதோ தாண்டியிருந்தது. திரையில் பூமாரி என்றுதான் இருந்தது.

பத்து மணிக்கு மேல் வேல்ராஜ் வந்தான். முத்துச்செல்வி வாசல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். எழுந்து போய்த் தடுக்கக் கால் துடித்தது. ஆனால் தான் இல்லாத நாளிலும் இது நடக்க வேண்டும். செல்வலட்சுமி திரையைப் பார்த்தாள்.

"பூமாரி பேருதாண்ணே இருக்கு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அவுக வந்தாத்தான் குடுப்போம்."

அவன் எட்டி உள்ளே பார்த்தான். பேச்சி கையாட்டினாள். அவனும் கையாட்டினான். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

முத்துச்செல்வி இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மதிய டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்ததும் பூமாரி அவளைத்தான் கூப்பிட்டாள்.

"பிள்ள இருக்காளா?"

"இருக்கா."

"அவுக வந்தாகளா?"

"வந்தாவ. செல்வலட்சுமி பாத்து அனுப்பிட்டா."

"நீ எங்கட்டி இருக்க?"

"ரூம்ல. படுத்துட்டேன்க்கா."

மறுமுனையில் லாக்கர் கதவை மூடுகிற சத்தம் கேட்டது.

"சரிட்டி," என்றாள் பூமாரி. "தூங்கு."