அத்தான் கண்ணில் நாலு புள்ளி

சர்க்கரை வியாதிக்காரர்களின் கண்ணுக்குள் படம் பிடிக்கிறவள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது ஒன்றுதான்: "கண்ணைச் சிமிட்டாதீங்க." சொல்லி வாய் மூடுவதற்குள் சிமிட்டிவிடுவார்கள். எட்டு வருஷமாக அந்த இருட்டறையில் உட்கார்ந்து அவளுக்கு வெளிச்சத்தைக் கண்டாலே எரிச்சல். மனிதர்களைக் கண்டால் அதைவிட.

கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் கசிய ஆரம்பித்தால் கண்ணுக்குரியவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிற நாளில் பாதிக் கதை முடிந்திருக்கும். அதற்காகத்தான் படம். கம்ப்யூட்டர் பார்த்துப் பச்சை காட்டினால் வீட்டுக்கு. சிவப்பு காட்டினால் கண் டாக்டரிடம்.

அன்று காலை வந்த ஏழு பேருக்கும் சிவப்பு. ஏழாவது ஆள் அவள் அக்கா புருஷன், லாரி ஓட்டுகிறவர். அக்கா அழுது அடம்பிடித்து அனுப்பியிருந்தாள்.

"எனக்கா? ரெண்டு மைல் தள்ளி வர்றது லாரியா பஸ்ஸானு சொல்லுவேன். உன் மெஷினுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு, மச்சினி!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து போயே போனார்.

தொலையட்டும் என்று படங்களைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு பேருக்கும், இரண்டு கண்ணிலும், மேலே வலது மூலையில் ஒரே கறை. வியாதி என்ன அளவெடுத்தா வரும்? லென்ஸில் டார்ச் அடித்தாள். யாருடைய ஈர இமையோ பட்டுக் காய்ந்த தடம். தினமும் காலையில் துடைக்கிறவள், அன்று டோக்கன் சண்டையைத் தீர்க்கப் போய் மறந்துவிட்டாள். தப்பு அவளுடையதுதான், வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை.

துடைத்தாள். டாக்டர் அறை வாசலில் காத்திருந்த ஆறு பேரையும் மறுபடி உட்காரவைத்து, ஆறு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆறும் பச்சை. அத்தானின் படத்தைப் பெரிதாக்கினாள். கறைக்கு வெகுதூரம் தள்ளி, நடு மையத்தை ஒட்டி, குண்டூசியால் குத்தியது போல நாலு சிவப்புப் புள்ளி. மற்ற யாருக்கும் அது இல்லை.

"ஆரம்பம்தான். இப்ப வந்தா பார்வைய காப்பாத்திடலாம். விட்டுடாதீங்க" என்றார் படத்தைப் பார்த்த டாக்டர்.

போன் போட்டாள்.

"என்ன, மெஷின் ரிப்பேராமே? நான் அப்பவே சொன்னேன்ல!"

"ரிப்பேர் இல்ல அத்தான். லென்ஸ்ல அழுக்கு. நான்தான் துடைக்கல."

"அப்ப எனக்கு வந்ததும் உன் அழுக்குதான்."

"உங்களுக்கு வேற இருக்கு."

"இருக்கும் இருக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிற ஆள். அக்கா தூது போனாள், பட்டினி கிடந்தாள், பலிக்கவில்லை. நாலாம் நாள் இவளே போய் வாசலில் நின்றாள்.

"அத்தான், கண்ணாடி சுத்தத்துல உங்கள மிஞ்ச ஆளில்ல. நீங்களே வந்து அந்த லென்ஸப் பாருங்க. உங்க வாயால சுத்தம்னு சொன்னப்புறம்தான் படம்."

லாரிக் கண்ணாடியில் ஈ உட்கார்ந்தால் கிளீனரை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர். அதிகாரியைப் போல வந்து டார்ச் அடித்தார்.

"இங்க துடை."

துடைத்தாள்.

"அந்த ஓரம்."

பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். நாலாவது தடவைதான், "ம், இப்ப சுத்தம்."

"சிமிட்டாதீங்க."

சிமிட்டினார். மறுபடி. மறுபடியும் சிமிட்டினார்.

கடைசியில் விழுந்த படத்தில் கறை இல்லை. நாலு புள்ளியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அத்தான் திரையைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். "இன்னொரு தடவை துடைச்சு எடு." குரல் இறங்கியிருந்தது.

எடுத்தாள். நாலு.

"நீங்க பாத்துச் சொன்ன லென்ஸ்தான் அத்தான்."

உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வண்டி ஓட்ட முடியுமா?"

"இப்பவே வைத்தியம் பாத்தா முடியும்னு டாக்டர் சொல்றாரு."

எழுந்தார். டாக்டர் அறை வாசலில் வரிசையைக் கண்டதும் பழைய குரல் திரும்பி வந்தது. "இத்தனை பேரா? உன் ஆஸ்பத்திரில ஒண்ணாவது ஒழுங்கா நடக்குமா?"

"வாயை மூடிட்டு உக்காருங்க அத்தான்" என்றாள், லென்ஸைத் துடைத்தபடியே. "அடுத்த ஆளு வாங்க. கண்ணைச் சிமிட்டாதீங்க."