வலிக்குமோ

மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் ஒருவன் இருமவில்லை என்றால் அவன் புதிதாகச் சேர்ந்தவன் என்று அர்த்தம். சுக்கை வெளுக்கப் போடும் சுண்ணாம்பும் சுக்குத் தூசும் தின்று எல்லாரும் இருமினோம். யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. மூட்டை தூக்கும் ஓர் அண்ணனுக்கு மட்டும் மூச்சு இழுத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். மலையாளம் தெரியாததால் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனார்.

"வலிக்குமோ?" என்று டாக்டர் கேட்டார். மலையாளத்தில் அதற்குப் பீடி பிடிப்பாயா என்று பொருள். அண்ணன் அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டார்.

"நல்லா வலிக்கும் சார், நாள் முழுக்க."

"அது நிர்த்தணும்."

"அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சும்மா நின்றேன். நெஞ்சில் குழலை வைக்காமலே டாக்டர் இருமல் மருந்து எழுதினார்.

வெளியே வந்ததும், "என்னடா சொன்னாரு?" என்றார்.

"பீடியை விடச் சொன்னாரு அண்ணே."

"நான் பீடியே தொட்டதில்லையேடா."

"அப்ப விடுறது சுலபம்."

கிடங்கே இதைச் சொல்லிச் சிரித்தது. அவர் மூன்று மழைக்காலம் அந்த மருந்தையே குடித்தார். மூட்டை தூக்க முடியாமல் போனபிறகு எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். என்ன வேலை என்று அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்கள். நுரையீரல் இனித் தேறாது என்றார்கள்.

அதற்குள் அவருக்கு மலையாளம் நன்றாக வந்திருந்தது. திரும்பும் படகில், "அன்னைக்கு அவரு என்ன கேட்டாருன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் அண்ணே. தமாஷா இருந்துச்சு."

என்னைத் திட்ட வாயைத் திறந்தார். மூச்சு போதவில்லை.